நிரலாக்க உதவியாளருக்கு உலாவியைத் திறந்து காட்டும் பிளேரைட் எம்.சி.பி.: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு திருமண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். ஒரு மாத நாள்காட்டி, எந்த நாள் காலியாக இருக்கிறது என்ற விவரம், பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதி அனுப்ப ஒரு படிவம், அவ்வளவுதான். நிரலின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்தான் எழுதியது. வேலை முடிந்ததும், பக்கம் கைப்பேசியிலும் சரியாகப் பொருந்தும் என்று அது உறுதியாகச் சொன்னது. நானும் மடிக்கணினியில் ஒருமுறை பார்த்துவிட்டு இணைப்பை அனுப்பிவைத்தேன். அரை மணி நேரத்தில் மண்டபத்தின் மேலாளர் அழைத்தார். "தம்பி, கிழமை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, தேதியே படிக்க முடியலை" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 360 பிக்சல் அகலமுள்ள திரையை ஏழு பத்திகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 50 பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் "செவ்வாய்க்கிழமை", "வெள்ளிக்கிழமை" என்ற முழுப் பெயர்கள் அடங்க வழியே இல்லை. ஆங்கில நாள்காட்டி என்றால் மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் தானாகவே எழுதியிருக்கக்கூடிய உதவியாளர், தமிழ் என்றதும் முழுப் பெயரை வைத்துவிட்டது. தான் எழுதிய நிரலை வாசித்து, பொருந்தும் என்று அது ஊகித்ததே தவிர, பக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு நான் அதற்கு எந்த வழியும் செய்து கொடுத்திருக்கவில்லை. அன்று மாலையே பிளேரைட் எம்.சி.பி.யை நிறுவினேன். அதன்பின் நான்கு மாதங்களாக ஏறத்தாழ நாள்தோறும் அதைப் பயன்படுத்தி வருகிறேன். தமிழில் பக்கங்கள் செய்யும் மற்றவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், அமைக்கும்போதும் பயன்படுத்தும்போதும் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கருவி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளேரைட் என்பது மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட, உலாவியைத் தானியங்கியாக இயக்கும் திறந்தமூல நூலகம். குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், ஐஃபோனின் சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் ஆகிய மூன்று உலாவி இயந்திரங்களையும் அது ஓட்டும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொது நெறிமுறையாக எம்.சி.பி.யை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அந்த நெறிமுறையின் வழியாகப் பிளேரைட்டை உதவியாளரின் கையில் கொடுக்கும் இடைநிலைச் சர்வர்தான் பிளேரைட் எம்.சி.பி.; இது 2025இல் வந்தது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதை இணைத்த பிறகு உதவியாளரால் ஒரு முகவரியைத் திறக்கவும், பொத்தானை அழுத்தவும், படிவத்தை நிரப்பவும், திரையின் அளவை மாற்றவும், கன்சோலில் வரும் பிழைகளை வாசிக்கவும், திரையைப் படம் பிடிக்கவும் முடிகிறது.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை என்று பலரும் சொல்வார்கள். எல்லாம் ஒத்துவந்தால் அது உண்மைதான். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் என்ற மென்பொருளின் 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு கணினியில் இருக்க வேண்டும். உதவியாளரின் எம்.சி.பி. அமைப்புக் கோப்பில் ஒரு பெயர், நோட் பொதிகளை இயக்கும் என்.பி.எக்ஸ். என்ற கட்டளை, பிளேரைட் எம்.சி.பி. பொதியின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு, உதவியாளரை மூடித் திறந்தால் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக இழுக்கக்கூடிய சில சிறிய இடறல்கள் இருக்கின்றன. பெரும்பாலான உதவியாளர்களின் அமைப்புக் கோப்பில் மேல்நிலைத் திறவுச்சொல் "எம்சிபிசர்வர்ஸ்" என்று இருக்கும். விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியின் கோப்பிலோ வெறும் "சர்வர்ஸ்" என்றுதான் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்து ஒட்டினால், நீங்கள் எதிர்பார்க்கும் கருவி பட்டியலில் வராமலே போய்விடும். விண்டோஸில் நேரடியாக இயக்குபவர்களுக்கு என்.பி.எக்ஸ். கட்டளையை அப்படியே எழுதினால் சில உதவியாளர்களில் இணைப்பு உடனே அறுந்துவிடும். அதை விண்டோஸின் சி.எம்.டி. வழியாக அழைக்கும்படி எழுத வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் என்.வி.எம். மூலம் நோடை நிறுவியிருப்பவர்களுக்கு, டெர்மினலில் வேலை செய்யும் கட்டளை, சாளரச் செயலியாக இயங்கும் உதவியாளருக்குத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்தச் செயலி டெர்மினலின் பாதை அமைப்பைப் படிப்பதில்லை. அங்கே முழுப் பாதையையும் எழுதிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கருவி வேறு எதையும் குறிப்பிடாவிட்டால் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் குரோம் உலாவியைத்தான் தேடும். லினக்ஸில் குரோம் இல்லாதவர்கள், பிளேரைட்டே நிறுவித் தரும் குரோமியத்தைப் பயன்படுத்தும்படி அமைப்பில் குறிப்பிட வேண்டும். உலாவிச் சாளரம் கண்முன் திறந்து இயங்குவதுதான் இயல்பு நிலை. தொடக்கத்தில் அப்படியே விட்டுவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். உதவியாளர் எந்தப் பக்கத்தைத் திறக்கிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்பதை முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான், பின்னால் நான் எழுதப்போகும் விஷயங்களில் பாதி எனக்குப் பிடிபட்டது.

இனி, இந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானதற்கு வருகிறேன். நிறுவி முடித்த அன்றே, அதே நாள்காட்டிப் பக்கத்தைத் திறந்து 360 பிக்சல் அகலத்தில் சரிபார்க்கும்படி உதவியாளரிடம் சொன்னேன். சாளரம் திறந்தது, சுருங்கியது. என் கண்ணெதிரே கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அதே நொடியில் உதவியாளர், ஏழு கிழமைத் தலைப்புகளும் சரியான வரிசையில், சரியான எழுத்துக்கூட்டலோடு இருக்கின்றன, சிக்கல் எதுவும் இல்லை என்று எழுதியது.

இது ஏன் நடந்தது என்று அறிய, அது வாங்கிப் படித்ததை நான் திறந்து பார்த்தேன். பிளேரைட் எம்.சி.பி. பக்கத்தை உதவியாளரிடம் கொடுக்கும் முதன்மை வடிவம் படம் கிடையாது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களுக்காக உலாவி உருவாக்கி வைத்திருக்கும் அணுகல்தன்மை மரத்தை எழுத்து வடிவில் கொடுக்கிறது. அதில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரி: இது பத்தித் தலைப்பு, இதன் பெயர் "செவ்வாய்க்கிழமை", இதன் குறி இ12, இது பொத்தான், இதன் பெயர் "முன்பதிவு செய்க", இதன் குறி இ47. அழுத்த வேண்டும் என்றால் அந்தக் குறியைச் சொல்லி அழுத்துகிறது. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. படத்தைப் பார்த்து, பொத்தான் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கணக்கிடுவதைவிட இது துல்லியமானது, விரைவானது, படங்களைப் புரிந்துகொள்ளாத மாதிரிகளோடும் வேலை செய்வது. ஆனால் அந்த மரத்தில் அகலம் கிடையாது, நிறம் கிடையாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது கிடையாது. சொற்கள் எல்லாம் இருக்கின்றன, வரிசையும் சரியாக இருக்கிறது. ஆகவே அந்த மரத்தைப் பொறுத்தவரை என் பக்கம் குறையற்ற பக்கம்தான்.

பிறகு, மரத்தை விட்டுவிட்டுத் திரையைப் படம் பிடித்துப் பார்க்கும்படி சொன்னேன். அடுத்த பதிலிலேயே, "வெள்ளிக்கிழமை" என்ற சொல் பக்கத்துப் பத்திக்குள் நீண்டிருக்கிறது, தேதி எண்கள் சில மறைந்திருக்கின்றன என்று தானே கண்டு சொன்னது. நம் வீட்டுச் சுவர் நாள்காட்டியில் இருப்பதுபோல ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று சுருக்கித் தரலாம் என்ற தீர்வையும் முன்வைத்தது. அந்தச் சுருக்கங்களை உலாவியே தமிழில் தரும் என்பதால் மூன்று வரி மாற்றத்தில் வேலை முடிந்தது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் "செ" என்று மட்டும் கேட்டால் புரியாது என்பதால், முழுப் பெயரை அணுகல்தன்மைப் பெயராக வைக்கச் சொன்னேன். அதன்பின் மரத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்: பத்தித் தலைப்பு, "செவ்வாய்க்கிழமை". உடைந்த பக்கத்திலும் திருத்திய பக்கத்திலும் அந்தப் பெயர் ஒன்றேதான். இந்தக் கருவியை நிறுவிவிட்டு, இனி உதவியாளருக்குக் கண் வந்துவிட்டது என்று நம்பி நகர்ந்துவிடுவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தோற்றத்தைப் பற்றிய எந்த முடிவையும் படத்தைப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியைத் திட்டத்தின் அறிவுரைக் கோப்பில் எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிக்கு முன்பும் பின்பும் கிடைத்த பயன் வேறு வேறு.

மரம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே பக்கத்தின் படிவத்தில், கைப்பேசி எண் எழுதும் பெட்டி மரத்தில் பெயரே இல்லாமல் வெறும் உரைப்பெட்டி என்று மட்டும் வந்தது. திரையில் பார்த்தால் அதற்கு மேலே "கைப்பேசி எண்" என்று அழகாக எழுதியிருந்தது. ஆனால் அந்த எழுத்தும் பெட்டியும் நிரலில் இணைக்கப்படவில்லை. பார்வையற்ற ஒருவர் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானோடு வந்தால் அவருக்கும் அந்தப் பெட்டி பெயரில்லாத பெட்டியாகத்தான் ஒலித்திருக்கும். இத்தனை ஆண்டுகளாக நான் செய்த எத்தனை படிவங்களில் இதே குறை இருந்திருக்கும் என்று எண்ணியபோது வருத்தமாக இருந்தது. உதவியாளருக்குப் பெட்டியின் பெயர் தெரியாவிட்டால் அதை நிரப்பத் தடுமாறும் என்பதால், அந்தக் குறை இப்போது தானாகவே வெளியே வந்துவிடுகிறது. இந்தக் கருவியில் நான் எதிர்பாராமல் பெற்ற, என்னை மிகவும் மகிழச் செய்த பயன் இது.

பொத்தானை அழுத்தும் விதத்திலும் இதே நேர்மை இருக்கிறது. பக்கத்தின் அடியில் "அழைக்க", "வாட்ஸ்அப்" என்ற இரண்டு குறிகளோடு ஒரு பட்டை எப்போதும் ஒட்டி நிற்கும்படி செய்திருந்தேன். சிறிய திரையில் படிவத்தின் கடைசியில் உள்ள "முன்பதிவு செய்க" பொத்தான் முழுவதும் அந்தப் பட்டைக்குள் போய்விட்டது. பிளேரைட் ஒரு பொத்தானை அழுத்தும் முன், அந்த இடத்தில் அழுத்தம் உண்மையில் அந்தப் பொத்தானுக்குத்தான் போய்ச் சேருமா என்று சோதிக்கும். சேராவிட்டால் காத்திருந்து, ஐந்து வினாடிக்குப் பின், வேறோர் உறுப்பு குறுக்கே நிற்கிறது என்று அந்த உறுப்பின் பெயரோடு பிழை சொல்லும். அப்படித்தான் எனக்கும் சொன்னது. ஆனால் இங்கே உதவியாளரின் பழக்கம் ஒன்றைக் கவனித்துத் தடுக்க வேண்டும். அழுத்த முடியாமல் போனதும், பக்கத்துக்குள் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் வரியை ஓடவிட்டுப் பொத்தானை உள்ளிருந்தே இயக்கிவிட்டு, படிவம் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று என் உதவியாளர் எழுதியது. கைப்பேசியில் விரலால் அழுத்தப்போகும் மனிதருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே, பயனர் செய்யக்கூடியதை மட்டுமே செய்ய வேண்டும், அழுத்த முடியாவிட்டால் அதைப் பிழையாகவே அறிவிக்க வேண்டும் என்பது அறிவுரைக் கோப்பில் இரண்டாவது வரியானது.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு நான் ஒரு முழு நாளைச் செலவிட்டேன், அதை விரிவாகவே சொல்ல வேண்டும். கிராமப்புறக் கைப்பேசிகளிலும் விரைவாகத் திறக்கட்டும் என்று, மண்டபப் பக்கத்தில் இணைய எழுத்துரு எதையும் சேர்க்காமல், அந்தந்தக் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவையே நம்பியிருந்தேன். என் மேசைக் கணினியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வேலையைக் குறைந்தபட்ச லினக்ஸ் கொள்கலன் (தேவையானவை மட்டும் உள்ள தனித்த இயங்குசூழல்) ஒன்றுக்கு மாற்றி, சாளரம் இல்லாத முறையில் உலாவியை ஓட்டியபோது, பிடிக்கப்பட்ட படம் முழுவதும் வெற்றுக் கட்டங்களாக வந்தது. அந்தக் கொள்கலனில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. மரத்திலோ வழக்கம்போல எல்லாத் தமிழ்ச் சொற்களும் தெளிவாக இருந்தன, ஏனென்றால் அது யூனிகோடு எழுத்துகளைத்தான் தருகிறது, எழுத்துரு வரைந்ததைத் தருவதில்லை. நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவியதும் கட்டங்கள் மறைந்தன.

அதோடு தீர்ந்துவிடவில்லை. ஒரே தமிழ்ச் சொல் ஒவ்வோர் எழுத்துருவிலும் ஒவ்வோர் அகலம் கொள்ளும். விண்டோஸில் நிர்மலா வரைவதும், மேக்கில் தமிழ் சங்கம் வரைவதும், ஆண்ட்ராய்டில் நோட்டோ வரைவதும் ஒன்றல்ல. "முன்பதிவு செய்க" என்ற பொத்தான் ஓர் எழுத்துருவில் ஒரே வரியில் அடங்கி, இன்னொன்றில் இரண்டு வரியாக மடிந்தது. மேலே கொம்பும் சுழியும், கீழே உகர ஊகார வளைவும் கொண்ட எழுத்து நம்முடையது. ஆங்கிலத் தலைப்புக்குப் பொருந்தும் 1.1 என்ற வரி உயரத்தை வைத்து, வெளியே நீள்வதை மறைக்கும்படியும் எழுதியிருந்தால், "பூ" என்ற எழுத்தின் அடிவளைவும் "வீ" என்ற எழுத்தின் மேற்சுழியும் வெட்டுப்படும். உதவியாளர் வாசித்துப் பார்க்கும் நிரலில் இது தெரியவே தெரியாது. பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் என்றால், முன்னோட்டம் ஓடும் கணினியிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையே முதன்மையாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு மிக நெருக்கமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

படத்தின் அளவும் இங்கே முக்கியமாகிறது. முழுப் பக்கத்தையும் ஒரே நீளப் படமாக எடுத்தால், பல மாதிரிகளில் அது உள்ளே போகும்போது சுருக்கப்படுகிறது. சுருங்கிய படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும். புள்ளி இல்லாத "க்"ஐ "க" என்று படித்துவிட்டு, இல்லாத எழுத்துப்பிழையை உதவியாளர் திருத்தக் கிளம்பியதை ஒருமுறை பார்த்தேன். நாள்காட்டி மட்டும், படிவம் மட்டும், தலைப்பு மட்டும் என்று உறுப்பு உறுப்பாகப் படம் பிடிக்கக் கருவியிலேயே வழி இருக்கிறது. அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

முன்னோட்டம் எந்தச் சர்வரைப் பார்க்கிறது என்ற எளிய கேள்வியில் நான் இழந்த நேரத்தையும் சொல்கிறேன். உருவாக்கும் பக்கத்தை நம் கணினியிலேயே ஓட்டிக் காட்டும் வீட் என்ற கருவி, 5173 என்ற போர்ட்டில் (இணைப்புக்கான வாயில் எண்) அதைத் தரும். அந்தப் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால் எதுவும் கேட்காமல் 5174க்குப் போய்விடும். ஒரு நாள் உதவியாளர், முன்பு தொடங்கிய சர்வர் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து இரண்டாவதைத் தொடங்கியது. பழைய சர்வரோ வேறொரு கிளையின் கோப்புகளைக் கொண்ட இன்னொரு கோப்புறையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நிறத்தை மாற்றுகிறது, 5173ஐத் திறக்கிறது, மாறவில்லை என்கிறது, மறுபடியும் மாற்றுகிறது. ஆறு முறை இப்படிச் சுற்றியபின்தான் நான் கவனித்தேன். போர்ட் கிடைக்காவிட்டால் நகராமல் பிழை சொல்லி நிற்கும்படி வீட் கருவியின் அமைப்பில் கண்டிப்பான போர்ட் என்ற விருப்பம் இருக்கிறது. முன்னோட்டக் கருவியை இணைக்கும் அன்றே அதையும் இயக்கிவிடுங்கள். நம் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நோட் 17இலிருந்து அந்தப் பெயர் ஐபிவி6 முகவரிக்குப் பொருள்படலாம் என்பதால், சர்வர் அங்கே காத்திருக்க, உதவியாளர் 127.0.0.1 என்ற எண்ணைத் திறந்து, இணைப்பு மறுக்கப்பட்டது என்று திரும்பும். இரண்டிடத்திலும் ஒரே முகவரியை எழுதினால் இது தீரும்.

கைப்பேசித் தோற்றத்தைப் பார்க்கச் சாளரத்தைச் சுருக்குவது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில், திரையின் அகலத்துக்கேற்ப வரையச் சொல்லும் வியூபோர்ட் குறிச்சொல்லை மறந்திருந்தால், உண்மையான கைப்பேசி அந்தப் பக்கத்தைப் பெரிய அகலத்தில் வரைந்து, எழுத்துகளை எறும்பளவு சுருக்கிக் காட்டும். மேசைக் கணினி உலாவியின் அகலத்தை மட்டும் குறைத்தால் இந்தக் குறை தெரியாது, பக்கம் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். பிளேரைட் எம்.சி.பி.யின் அமைப்பில் ஒரு கைப்பேசி மாதிரியின் பெயரைக் கொடுத்தால், அது அந்தக் கருவியின் தொடுதிரை, திரை அடர்த்தி, வியூபோர்ட் நடத்தை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பாவனை செய்கிறது. நான் இரண்டு பெயர்களில் இரண்டு சர்வர்களாக, ஒன்றைக் கைப்பேசிக்கும் ஒன்றை மேசைக் கணினிக்குமாக அமைத்து வைத்திருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, கருவி இலவசம் என்றாலும், உதவியாளர் வாசித்து எழுதும் உரையை அளக்கும் அலகான டோக்கன் இலவசம் அல்ல. மரத்தின் எழுத்து வடிவம் நீளமான பக்கங்களில் ஆயிரக்கணக்கான டோக்கன்களை எடுத்துக்கொள்ளும், அழுத்துதல் நிரப்புதல் என்று ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் அது புதிதாக வந்து உரையாடலில் சேரும். ஒரு மணி நேரம் தொடர்ந்து சோதித்தால், தொடக்கத்தில் நாம் சொன்ன தேவைகள் உதவியாளரின் நினைவிலிருந்து பின்னுக்குத் தள்ளப்படுவதைக் காணலாம். பிளேரைட் குழுவினரே இதை ஒப்புக்கொண்டு, நிரலாக்க உதவியாளர்களுக்கு டோக்கன் சிக்கனமான வழியாகத் தனியே ஒரு கட்டளைவரிக் கருவியையும் தருகிறார்கள். பெரிய திட்டங்களில் வேலை செய்வோர் அதையும் பார்க்கலாம். நான் ஒரு பக்கத்துக்கு ஓர் உரையாடல் என்று பிரித்துக்கொண்டு சமாளிக்கிறேன்.

பாதுகாப்பை இறுதியில் எழுதினாலும், நிறுவும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியது அது. இந்தக் கருவி திறக்கும் உலாவி, இயல்பு நிலையில், தனக்கென ஒரு சுயவிவரத்தை வைத்துக்கொள்கிறது. ஒருமுறை அதில் ஏதேனும் தளத்தில் உள்நுழைந்தால், அடுத்த நாளும் அந்த உள்நுழைவு இருக்கும். உதவியாளர் திறக்கும் ஏதோ ஓர் அயல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்ட ஒரு வரி, இதைச் செய் அதை அனுப்பு என்று உதவியாளருக்குக் கட்டளையிட முடியும்; மரத்தில் அது சாதாரண எழுத்தாக வந்து சேரும். உள்நுழைந்த கணக்குகளோடு இருக்கும் உலாவியில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் தனிமைப்படுத்திய முறை ஒன்று அமைப்பில் உண்டு. முன்னோட்டத்துக்கு அதுவே போதும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் விருப்பமும் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியைப் பாதுகாப்பு எல்லையாகக் கருதக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள், ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் நம்பி வங்கிக் கணக்கையோ வாடிக்கையாளரின் நிர்வாகப் பக்கத்தையோ அதில் திறக்க வேண்டாம்.

இதற்கு மாற்றாகக் கூகுளின் குரோம் டெவ்டூல்ஸ் எம்.சி.பி.யைச் சிலர் பரிந்துரைப்பார்கள். 2025 செப்டம்பரில் பொது முன்னோட்டமாக வந்த அது, பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது, எந்தக் கோப்பு தடுக்கிறது, மெதுவான இணைப்பில் என்ன ஆகிறது என்பவற்றை ஆழமாகப் பதிவுசெய்து உதவியாளருக்குக் காட்டுகிறது. மண்டபத்தின் புகைப்படங்கள் பக்கத்தை இழுத்துப் பிடித்தபோது அதைத்தான் பயன்படுத்தினேன். வேகத்தை ஆராய அது சிறந்தது. வெப்கிட்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரே பக்கத்தைப் பார்க்கப் பிளேரைட்டே வேண்டும். ஐஃபோன் வைத்திருப்போரும் பார்க்கும் தளம் என்றால் வெப்கிட்டை விட்டுவிட முடியாது. இரண்டையும் நிறுவி, தேவைப்படும்போது மட்டும் இரண்டாவதை இயக்கிக்கொள்வது என் வழக்கம், ஏனென்றால் எத்தனை கருவி இணைந்திருக்கிறதோ அத்தனைக்கும் உரிய விளக்கங்கள் உரையாடலின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

தமிழில் பக்கம் செய்து, அதைக் கைப்பேசியில் பார்க்கப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் எவருக்கும் பிளேரைட் எம்.சி.பி.யை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு நிலைப்பக்கத்தை ஒருமுறை செய்துவிட்டுப் போகிறவருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை, கையில் உள்ள கைப்பேசியே போதும். தொடர்ந்து பயன்படுத்துவோர் அமைப்புக் கோப்பில் "அண்மைப் பதிப்பு" என்று விட்டுவிடாமல் ஒரு குறிப்பிட்ட பதிப்பு எண்ணை எழுதி வைப்பது நல்லது. புதிய பதிப்புகள் அடிக்கடி வருகின்றன, நேற்று இருந்த விருப்பத்தின் பெயர் இன்று மாறியிருக்கலாம். நான் மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை உயர்த்துகிறேன். உயர்த்திய உடனே மண்டபத்தின் நாள்காட்டியை 360 பிக்சல் அகலத்தில் திறந்து, கிழமை வரிசையை மட்டும் படம் பிடிக்கச் சொல்லி, நானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.